முப்பத்தேழாம் நம்பர் கால்

ஷூ கம்பெனியில் என் காலுக்குத் தனி மரியாதை. லேடீஸ் சாம்பிள் எப்போதும் முப்பத்தேழாம் நம்பர். என் காலும் இம்மி பிசகாமல் முப்பத்தேழு. புது மாடல் எது வந்தாலும் முதலில் என் காலில்தான் மாட்டிப் பார்ப்பார்கள். சீசனுக்கு ஒரு தடவை பழுப்புத் தாளில் என் பாதத்தை வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, தேதி போட்டு வைப்பார்கள்.

முப்பத்தெட்டு வயதில் சாம்பிள் ஷூ கடிக்க ஆரம்பித்தது. யாரும் என் காலைச் சந்தேகப்படவில்லை, ஷூவுக்கு வடிவம் கொடுக்கும் கால் அச்சைத்தான் சந்தேகப்பட்டார்கள். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவளுக்குக் கால் வளருமா என்ன? இரண்டு முறை அச்சைத் திருத்தினார்கள். அந்த ஷூ மற்ற பெண்களின் காலிலிருந்து கழன்று விழுந்தது.

"இன்னாம்மா, உடம்பு போட்டுட்டியா? கொஞ்சம் வாயைக் கட்டு," என்ற சூப்பர்வைசர், என்னைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைக் கட்டினால் பாதம் சுருங்குமா?

மோதிரம் விரலில் ஏறவில்லை. பல்லுக்குப் பல் சந்து விழுந்தது. ஓயாத தலைவலி. ஒரு டாக்டர் சுகர் என்றார். இன்னொருவர் தைராய்டு பார்த்தார்; அது சரியாக இருந்ததும் சீட்டில் 'மற்றவை' என்ற கட்டத்தில் டிக் போட்டு அனுப்பிவிட்டார். பேர் தெரியாத ஒன்றைச் சுமந்து திரிய நான் தயாராக இல்லை.

சாம்பிள் செக்‌ஷனில் சண்டை போட்டு என் பாதத் தாள்கள் நான்கையும் வாங்கினேன். மறுநாள் மாதனூரில் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு வேலூர் பஸ் ஏறினேன்.

ஹார்மோன் டாக்டர் என்னைவிடச் சின்னவர். தாள்களை அவர் மேஜைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன்.

"சுகர்னு மட்டும் சொல்லாதீங்கம்மா. சுகர் வந்தா கால் நீளுமா? பேர் சொல்லாம நான் எழுந்துக்க மாட்டேன்."

அவர் தாள்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என் விரல்களை, தாடையை.

"இது அக்ரோமெகாலின்னு நினைக்கிறேன். அபூர்வமா வர்றதுதான். ஆனா வைத்தியம் இருக்கு."

ரத்தமும் ஸ்கேனும் அதையே சொல்லின. மூளைக்கு அடியில் பட்டாணி அளவு சுரப்பி, அதில் ஒரு கட்டி. வளர்ச்சி ஹார்மோனைக் கொட்டிக்கொண்டிருந்தது அதுதான். சுகரும் அதனால் வந்ததுதானாம். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன். பயத்தில் இல்லை, பேர் கிடைத்த சந்தோஷத்தில்.

மூக்கு வழியாகக் கட்டியை எடுத்தார்கள். ஆனால் வளர்ந்த எலும்பு வளர்ந்ததுதான். என் கால் இப்போது முப்பத்தொன்பது.

திரும்ப வேலையில் சேர்ந்த அன்று சூப்பர்வைசர் ஃபாரம் நிரப்பினார். நோய் என்ற இடத்தில் சுகர், பிரஷர், தைராய்டு, மற்றவை என்று வரிசையாகக் கட்டங்கள். என்னைக் கேட்காமலே கடைசிக் கட்டத்துக்குப் பேனா போனது.

"சார், நம்ம கம்பெனில 'மற்றவை'ன்னு ஒரு சைஸ் இருக்குதா?"

"அதெப்படிம்மா இருக்கும்?"

"அப்போ எனக்கு மட்டும் இன்னாத்துக்கு?"

பேனாவை வாங்கி, அந்த வார்த்தையை அடித்துவிட்டு, அக்ரோமெகாலி என்று எழுதினேன். கட்டம் பத்தவில்லை. ஓரம் வரைக்கும் நீட்டி எழுதினேன்.