கட்டில் சட்டத்தில் ஒரு கால்மிதி

அறுபதுகளின் கடைசியில், ஓர் ஐப்பசி மழையில் சைக்கிளோடு வழுக்கி விழுந்து வலது காலை முறித்துக்கொண்டேன். மூன்று மாதம் மாவுக்கட்டு. பட்டு நெய்கிறவனுக்குக் கை மட்டும் போதாது. தறிக்குழியில் காலை இறக்கி மிதியை அழுத்தினால்தான் நீளவாக்கில் கட்டிய பாவு நூல்கள் விலகி, குறுக்கே ஊடை நூலை இழுத்துப்போகும் நாடாவுக்கு வழிவிடும். இந்தக் கால் மறுபடி மிதியை அழுத்துமா என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றார் டாக்டர். அந்த ஒரு சொல் மாதிரி என்னை வதைத்தது வேறு எதுவும் இல்லை.

என் எரிச்சலைப் பொறுக்க மாட்டாமல் ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா எனக்கு ஒரு வேலை சொல்லிக்கொடுத்தார். மரச்சட்டத்தில் மேலும் கீழும் ஆணி அடித்து, கயிற்றைப் பாவாக இழுத்துக் கட்ட வேண்டும். பழந்துணியைப் பட்டை பட்டையாகக் கிழித்து, இரண்டு பட்டைகளைச் சேர்த்து எடுக்க வேண்டும். ஒன்று கயிற்றுக்கு முன்னால், மற்றது பின்னால். அடுத்த கயிற்றுக்குப் போகுமுன் இரண்டுக்கும் ஒரு முறுக்கு. நாடா வேண்டாம், மிதி வேண்டாம். முடித்தால் கால்மிதி.

வீட்டுக்கு வந்ததும், மூலையில் கிடந்த பழைய கயிற்றுக் கட்டிலின் சட்டத்தில் ஆணி அடித்தேன். ஆயிரக்கணக்கில் பட்டிழை பார்த்தவனுக்கு நாற்பது கயிறு எம்மாத்திரம் என்ற திமிர். பட்டில் ஊடை தொய்ந்தால் புடவை கெட்டது. அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு வரிசையிலும் பட்டையை வெடுக்கென்று இழுத்து இறுக்கினேன். நாலாம் நாள் பார்த்தால், நடுவில் ஒடுங்கி உடுக்கை மாதிரி நின்றது. சட்டம் கோணல் என்றேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றாள் என் மனைவி. "இது பட்டு இல்லீங்க, பழந்துணி. இப்டி இழுத்துக்கினே இருந்தா இடுப்பு சிறுக்காம இன்னா ஆவும்?"

"நெய்யறவன் நானா, நீயா?" என்று கத்தினேன்.

மறுநாள் நான் கண் விழித்தபோது, என் நாலு நாள் வேலையை ஒரு வரி விடாமல் பிரித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பித்திருந்தாள். பட்டையைச் சற்றுத் தளர விட்டு முறுக்கினாள். ஓரக் கயிறு வந்ததும் விரல் வைத்து அகலம் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து என் தறியின் வலப்பக்கம் உட்கார்ந்து புடவையின் கரைக்குத் தனி நாடா தள்ளியவள். ஓரம் நேராக நிற்பது எப்படி என்று அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? இத்தனை வருஷமும் ஒவ்வொரு புடவையையும் "நான் நெய்தது" என்றுதான் சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தையும் அவளிடம் சொல்லவில்லை.

தை மாதம் கட்டைப் பிரித்தார்கள். கால் சூம்பிப்போயிருந்தது. அன்று சாயங்காலம் அந்தக் கால்மிதியை நான் படுக்கும் கட்டிலின் முன்னால் விரித்தாள். நீலமும் சிவப்புமாக, நாலு ஓரமும் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

"எழுந்து இதும்மேல நில்லுங்க."

எங்கள் வீடுகளில் நெய்ததன் மேல் கால் படக் கூடாது. தெரியாமல் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அதிலும் இது அவள் முதன்முதலாகத் தனியாக நெய்தது.

"நீ நெய்ஞ்சத நான் மிதிக்க மாட்டேன்," என்றேன்.

"மிதிக்கறதுக்குத்தான் நெய்ஞ்சேன். இந்தக் காலு மறுபடி தறிக்குழியில எறங்கணும்னு வேண்டிக்கினே ஒவ்வொரு முறுக்கும் போட்டேன்."

குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து வலது காலை வைத்தேன். நடுங்கியது. பிறகு நின்றது. அவள் தோளை விட்ட பிறகும் நின்றது.