நடையை வைத்து ஆளைச் சொன்னவர்

அந்த அலுமினிய ஏணியின் கால்களில் பழைய சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும். வழுக்காமல் இருக்க எங்கள் ஃபோர்மேன் சுற்றியது. துபாய் அல் கூஸில் நாங்கள் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்பிலேயே அந்த ஏணியைப் போட்டு, அவரும் நானும்தான் கேமரா மாட்டினோம். வராந்தா, மெஸ், பஸ் ஏறும் இடம், ஒன்றையும் விடவில்லை. 'உங்கள் பாதுகாப்புக்காக' என்று ஐந்து மொழிகளில் போர்டு வைத்தார்கள். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று ஒரு மொழியிலும் எழுதவில்லை.

ஏணி உச்சியில் நிற்கும்போது ஃபோர்மேனுக்கு ஒரு விளையாட்டு உண்டு. வெயிலுக்கும் மணலுக்கும் பயந்து, கண் மட்டும் தெரியத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். நடையை வைத்தே அவர் ஆளைச் சொல்லிவிடுவார். "அந்தா, சேத்துல நடக்குறவன் மாரி காலத் தூக்கித் தூக்கி வைக்கிறான் பாரு, நம்ம மன்னார்குடியான். பின்னால வாத்து நடை வருதே, அது உன் ரூம்காரன்டா." ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

ஒரு கோடையில் எங்கள் பிளாக்கில் ஏசி செத்துப் பத்து நாளாகியும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கேமரா பதிவாகும் பெட்டி சூடாகக் கூடாதென்று அந்த அறைக்கு மட்டும் இரண்டு புது ஏசி. ஒரு காலை யாரும் பஸ் ஏறவில்லை. மைதானத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அங்கே கட்சி கிடையாது, யூனியன் கிடையாது. வேலையை நிறுத்தினால் விசா போய்விடும். தெரிந்தேதான் உட்கார்ந்தார்கள். மாலையே ஏசி வந்தது. மறுநாள் விசாரணை வந்தது.

மேனேஜர் சென்னைக்காரர். எங்கள் இருவரையும் அந்தக் குளிர்ந்த அறைக்குக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். முதலில் நடந்து வந்து உட்கார்ந்தது நான்கு பேர். நான்கு பேரும் துண்டு சுற்றியிருந்ததால், முகம் பார்த்துப் பெயர் சொல்லும் புது மெஷின் திணறிவிட்டது. முன்னால் வந்தவன் காலைத் தூக்கித் தூக்கி வைத்தான்.

"பேரை மட்டும் சொல்லுங்க ஃபோர்மேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"தெரியல சார்."

"அங்கயேதான தங்கியிருக்கீங்க? எப்படித் தெரியாம இருக்கும்?"

"இம்புட்டு காசக் கொட்டி வாங்குன மெஷினுக்கே தெரியல. நான் பத்தாங்கிளாஸ் பெயிலு சார்."

அந்த வாரமே ஃபோர்மேனின் விசாவைக் கேன்சல் செய்து ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். நான்கு பேரும் தப்பித்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். குடும்பம், கடன் என்றெல்லாம் சாக்கு சொல்ல மாட்டேன். பயம், அவ்வளவுதான்.

இப்போது நான் ஃபோர்மேன். எல்லாம் நவீனமாகிவிட்டது, முகத்தைக் காட்டினால் கதவு திறக்கிறது. வாயைத் திறந்தால்தான் இன்னும் ஆபத்து. போன மாதம் என்னையும் ஒரு திரை முன்னால் நிறுத்தினார்கள். குடிதண்ணீர் நாறுகிறது என்று மெஸ்ஸில் கத்தியவன் யாரென்று தெரிய வேண்டுமாம். முகத்தில் துண்டு. வாத்து நடை.

"தெரியல சார்" என்றேன்.

புது மேனேஜர் என்னை உற்றுப் பார்த்தார். பார்க்கட்டும். வெளியே வந்து ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டேன். டியூப் மூன்று முறை மாற்றியாகிவிட்டது, ஏணி அதேதான். தலைக்கு மேல் கேமரா என் பக்கம் திரும்பியது. நான் மாட்டிய கேமரா. வெயில் கொளுத்தியது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மைதானத்தின் நடுவில் மெதுவாகவே நடந்தேன்.