செல்லத்துரையின் பையில் வைக்காதது

1. எட்டு கிலோ

கள்ளிக்குப்பத்துத் தகரக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலாளி வரதன் என் கையில் ஒரு ஸ்பிரிங் தராசைக் கொடுத்தார். எட்டாம் வகுப்போடு ஊரை விட்டு ஓடி, லாரி கிளீனராக நாக்பூர் வரை அலைந்து, எங்கேயும் ஆறு மாதம் தங்காதவன் நான். எண்பதுகளின் நடுவில் இந்த வேலைக்கு வந்து ஐந்து வருடம் இருந்தேன்.

வரதன் ஏலத்தில் பழைய முதுகுப்பைகளும் தார்ப்பாய்களும் தண்ணீர் கேன்களும் வாங்கிப் போட்டிருந்தார். அம்பத்தூர், ஆவடி ஃபேக்டரி ஆட்கள் எட்டுப் பேர் சேர்ந்தால், சனிக்கிழமை ஊத்துக்கோட்டை தாண்டி மலைக்கு அழைத்துப் போவார். ஒரு ராத்திரி தங்கி ஞாயிற்றுக்கிழமை திரும்புவோம். ஆட்கள் ஷிஃப்ட் முடிந்து நேராக பஸ் ஏறுவார்கள் என்பதால், துணிமணியை முந்தின நாளே கொட்டகையில் கொடுத்துவிடுவது வழக்கம். பை கட்டுவது என் வேலை.

நான் கட்டிய முதல் பை பதினொரு கிலோ இருந்தது.

“இன்னா நைனா, கல்லு பொறுக்கியாந்து போட்டுக்கினியா?” என்றார் வரதன். “எட்டு கிலோவுக்கு மேல ஏறக்கூடாது. மலைல ஒர்த்தனுக்கு முட்டி பூட்ச்சுன்னா, நீதான் தூக்கினு வர்ணும்.”

கற்றுக்கொண்டேன். பெட்ஷீட் அடியில். அரிசி, பாத்திரம் போன்ற கனமான சாமான் முதுகை ஒட்டி. டார்ச்சும் தீப்பெட்டியும் மேலே. மாற்றுத்துணி பாலிதீன் கவரில், வாயை ரப்பர் போட்டுக் கட்டி. தார்ப்பாய், பானை, கயிறு எல்லோருக்கும் பொது. அதை எல்லாப் பைகளிலும் பிரித்துப் போட வேண்டும். கடைசியில் ஒவ்வொரு பையையும் தராசில் மாட்டிப் பார்க்க வேண்டும்.

2. ஒரு பொட்டலம்

மூன்றாவது வருடம் புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து பாக்கியம் என்ற பெண் வந்தார். சாத்தூர்க்காரர்கள். கணவர் செல்லத்துரை ஃபேக்டரியில் லேத் ஓட்டும் டர்னர். பெட்ஷீட்டும் பாலிதீனில் சுற்றிய ஒரு பொட்டலமும் கொண்டுவந்திருந்தார்.

“அண்ணே, இதுல கம்பளிச் சட்டையும் காஞ்ச துணியும் இருக்கு. அடியில வச்சிராதீக. அவுகளுக்கு ஈரம் பட்டா இழுப்பு வந்துரும். போன மாசந்தான் ஆஸ்பத்திரியிலருந்து வந்தாக.”

“அப்போ எதுக்கும்மா அனுப்புறீங்கோ?”

“ஃபேக்டரி ஷாப்புக்குள்ளயே அடைஞ்சு கெடக்காக. ஒருநா காத்தாட நடந்துட்டு வரட்டுமே. நீங்க மறக்காம வச்சிருவீகள்ல?”

“வச்சிர்றேம்மா” என்றேன். வைக்கவும் செய்தேன்.

சனிக்கிழமை காலை, வர வேண்டிய ஒருவர் ஓவர்டைம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் பையிலிருந்த தார்ப்பாயையும் பானையையும் மற்றவர்கள் பையில் ஏற்ற வேண்டியிருந்தது. செல்லத்துரை பையில் பானையை வைத்ததும் தராசு ஒன்பதரை காட்டியது.

மணி பதினொன்று. மேலே தகரம் கொதித்தது. என் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பளிச் சட்டையைத் தொட்டாலே உடம்பு எரிந்தது. இந்த வெயிலில் இதை எவன் போடப்போகிறான் என்று நினைத்து, பொட்டலத்தை எடுத்து அலமாரியில் வைத்தேன். தராசு எட்டில் நின்றது.

3. மழை

தங்கும் இடத்துக்கு அரை மணி நடை இருக்கும்போது மழை பிடித்தது. போய்ச் சேர்ந்து தார்ப்பாய் கட்டுவதற்குள் எல்லோரும் நனைந்துவிட்டோம். பெட்ஷீட்டுகளும் ஈரம். மற்றவர்கள் கவரைப் பிரித்துத் துணி மாற்றினார்கள். செல்லத்துரை பையை இரண்டு முறை கவிழ்த்துப் பார்த்தார்.

“அண்ணே, பாக்கியம் காஞ்ச துணி கொண்டாந்து குடுக்கேன்னு சொன்னாளே?”

அப்போதே சொல்லியிருக்கலாம். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எனுக்குத் தெரியாது அண்ணாத்தே. பெட்ஷீட்டு மட்டும்தான் வந்துச்சு” என்றேன்.

“மறந்திருப்பா” என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார். ஒருவர் தன் சட்டையைக் கொடுத்தார். ஆனால் அதற்குள் இழுப்பு ஆரம்பித்துவிட்டது. ஈர விறகு பற்றவில்லை. வெளிச்சம் வந்ததும் தார்ப்பாயில் கிடத்தி நான்கு பேராகத் தூக்கி இறக்கினோம்.

கொட்டகைக்குத் திரும்பியபோது வரதன் அலமாரியில் இருந்த பொட்டலத்தைப் பார்த்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

“கம்முனு இரு. வாயத் தொறந்தே, கடைய இஸ்து மூடிகினு போவ வேண்டியதுதான்.”

4. ஆஸ்பத்திரி

மறுநாள் பார்க்கப் போனேன். செல்லத்துரை சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாக்கியம் பக்கத்தில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் செல்லத்துரை ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினார்.

“ஏ புள்ள, அண்ணன் எவ்வளவு தூரம் தூக்கியாந்தாரு தெரியுமா? நீ ஒரு சட்டையக் குடுத்துவிட மறந்துட்டியே.”

“இல்லங்க, நான் அண்ணங்கிட்டதான...” என்று பாக்கியம் ஆரம்பித்தார்.

செல்லத்துரைக்கு இருமல் வந்தது. மூச்சு ஏறி, கழுத்து நரம்பு புடைத்தது. பாக்கியம் என்னைப் பார்த்தார். நான் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தேன்.

அவர் திரும்பி, கணவரின் நெஞ்சைத் தடவிவிட்டார்.

“ஆமாங்க, மறந்துட்டேன். புத்தி கெட்டவ நான். நீங்க பேசாதீக.”

நான்காம் நாள் செல்லத்துரை இறந்துபோனார். உடலை சாத்தூருக்குக் கொண்டுபோக குவார்ட்டர்ஸ் வாசலில் வேன் நின்றது. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

“சீக்காளி மனுசனுக்கு ஒரு துணி வெக்கத் தெரியல, பாரேன்.”

“அவளே சொன்னாளாம், மறந்துட்டேன்னு.”

பாக்கியத்துக்கும் அது கேட்டிருக்கும். அவர் தலை நிமிரவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. வேன் போய்விட்டது.

இன்றைக்கு இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். வெயிலில் நின்று பை கட்டுகிறவனுக்குக் குளிர் நினைவில் இருக்காது. அதனால் உங்கள் உடம்பை நம்பி எதையும் எடுக்காதீர்கள். எடை மிஞ்சினால் பொதுச் சாமானில் கை வையுங்கள். ஒருவருடைய துணியை எடுத்தே ஆக வேண்டுமென்றால், பையைத் திறந்து அவரிடம் காட்டிக் கேளுங்கள். அதற்குப் பிறகு அங்கிருந்த இரண்டு வருடமும் நான் அப்படித்தான் கேட்டேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. செல்லத்துரையைக் கேட்டிருந்தால், பானையை எடுத்துவிட்டுச் சட்டையை வைக்கச் சொல்லியிருப்பார்.

சாத்தூர் வழியாக இரண்டு முறை ரயிலில் போயிருக்கிறேன். இறங்கவில்லை.