கசப்பைச் சொல்லித்தந்த டெஸ்மண்ட்

டெஸ்மண்ட் கார்சைட் காரின் இடது கதவில் மெருகுக் களிம்பைப் பூசி, பழைய பனியன் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு வாயில் தூணின் பச்சைப் பெயிண்ட் கதவில் நீளமாக ஒட்டியிருந்தது. கோடு மறைந்துவிட்டால் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்காது என்பது அவர் எண்ணம். ஆனால் கீறல் தகடு வரைக்கும் இறங்கியிருந்தது. களிம்புக்கு அடங்குகிற கீறல் இல்லை.

இடித்தவள் அவர் மனைவி ஹேசல். ஈஸ்டருக்குப் பிறகு இது முதல் இடியும் இல்லை. கார் இல்லாத முதியவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது இங்கிலாந்தின் ஓட்லி ஊரில் அவள் பல வருஷமாகச் சம்பளமில்லாமல் செய்யும் வேலை. மறுநாள் காலை வால்டர் பிக்கர்ஸ்கில்லை ரத்தச் சுத்திகரிப்புக்கு லீட்ஸ் நகரத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். கண் சரியில்லாதவள் நெடுஞ்சாலையில் ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. அதை இன்றைக்குள் சொல்லியாக வேண்டும். சொல்ல வேண்டியவரோ, கசப்பான செய்தியை முகத்துக்கு நேரே சொல்வது எப்படி என்று ஏழு புத்தகம் எழுதியவர்.

அந்தத் தொழில் அவருக்கு வந்தது ஒரு கம்பளி ஆலையில். ஆலையை மூடப்போகிற செய்தியைச் சொல்ல வேண்டிய நாளில் மேலாளர் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். அலுவலகத்தில் இளையவரான டெஸ்மண்டைப் பிடித்துத் தொழிலாளர்கள் முன்னால் தள்ளினார்கள். அவர் கம்பளி மூட்டைமேல் ஏறி நின்று, "வெள்ளிக்கிழமையோட வேலை முடிஞ்சுது, இதுல பொய் இல்ல" என்றார். வேலை போனவர்களே வந்து கை கொடுத்தார்கள். அதை வைத்து முதல் புத்தகம் வந்தது. பிறகு வங்கிகள், ஆஸ்பத்திரிகள், ஒரு சிறைச்சாலை என்று எல்லோரும் அவரை அழைத்து, ஆட்களை எப்படி வேலையை விட்டு அனுப்புவது என்று யோசனை கேட்டார்கள். நாடு முழுவதும் ரயிலில் போய்ச் சொல்லிக் கொடுத்தார்.

சொந்த ஊரில் கதை வேறு. முடிவெட்டுகிறவர் இருபது வருஷமாக அவர் காதுக்கு மேல் அதிகமாக வழித்துவிடுகிறார். ஒவ்வொரு முறையும், "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு, தொப்பி போட்டுக்கொண்டு வீடு வருவார்.

கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்த் தேநீர் போட்டார். மத்தியானத்திலிருந்து இது எத்தனையாவது தடவை என்று கெட்டிலுக்குத்தான் தெரியும்.

"இன்னுமா டீ? வயித்துல படகு விடலாம் போல இருக்கு, டெஸ்," என்றாள் ஹேசல்.

"மழை வரும்போல."

"வரட்டும். நீ சொல்ல வந்ததைச் சொல்லு."

டெஸ்மண்ட் நாற்காலியை இழுத்து, அவளுக்கு எதிரே உட்காராமல் சற்றுச் சாய்வாக உட்கார்ந்தார். "ஹேசல், நீ எப்பவுமே ரொம்ப நல்லா வண்டி ஓட்டுவ..."

"உன் புத்தகத்துல மூணாம் அத்தியாயம். முதல்ல பாராட்டு."

"இல்ல, நான் நிஜமாவே..."

"நாற்காலியைச் சாய்ச்சுப் போட்டது ரெண்டாம் அத்தியாயம்."

"சரி. இந்த ஓட்டுறதைப் பத்தி உனக்கே என்ன தோணுது?"

"அஞ்சு. எல்லாத்தையும் டைப் அடிச்சவ நான், சாமி. இதெல்லாம் யாரையும் ஏமாத்தாதுன்னு அப்பவே சொன்னேன்."

டெஸ்மண்டிடம் அத்தியாயம் தீர்ந்துபோனது. கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உனக்குக் கண்ணு தெரியல. நாளைக்கு வால்டரை ஏத்திக்கிட்டுப் போகாத. அவரைக் கொன்னுடுவ."

ஹேசல் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"அந்த ஜன்னல் சட்டம் நடுவுல நெளியற மாதிரி தெரியுது," என்றாள். "கிறிஸ்துமஸ்லேருந்து. உனக்கு எப்பத் தெரியும்?"

"ஈஸ்டர்."

"இவ்வளவு நாள் ஏன் சொல்லல?"

"உன் மனசு நோகுமேன்னு."

"கதை விடாத. நான் நிறுத்தினா நீ ஓட்டணும். அதான் சங்கதி."

டெஸ்மண்டிடம் லைசென்ஸ் உண்டு. ஒரு குளிர்காலத்தில் மேட்டுச் சாலையில் பனியில் சறுக்கிச் சுவரில் மோதியதிலிருந்து அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ரயிலும் மனைவியும் இருக்கத் தொடவும் தேவைப்படவில்லை.

"ஆமா," என்றார். "பயமா இருக்கு."

"எனக்கும்தான். ஓட்டுறதை விட்டா வீட்டோட கிடக்கணும்." மூக்கைச் சிந்திக்கொண்டு, சாவியை எடுத்து அவர் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். "அந்த டீயைக் கொட்டிட்டு வா. இருட்டுறதுக்குள்ள சந்தை வரைக்கும் ஓட்டிப் பழகு."

அவர் ஓட்டினார். எஞ்சின் அடிக்கடி அணைந்தது. பின்னால் வந்தவர்கள் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. ஓட்லிக்காரர்கள் அடிக்க மாட்டார்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சிரிப்பார்கள்.

மறுநாள் காலை வால்டர் முன் இருக்கையில் ஏறினார். ஹேசல் பின்னால் உட்கார்ந்தாள். கார் நெடுஞ்சாலையில் ஊர்ந்துகொண்டே போனது. பாதி வழியில் வால்டர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா ஹேசல், முன்னால டிராக்டர் ஏதாவது போகுதா?"

"இல்லங்க வால்டர். ரோடு காலியாத்தான் இருக்கு."

"ஓ. அப்ப சரி."

ஆஸ்பத்திரியில் டெஸ்மண்ட் இரண்டு கார் நிற்கிற இடத்தில் ஒரு காரை நிறுத்தினார். வால்டரைச் சுத்திகரிப்புப் பிரிவில் படுக்கவைத்த பிறகு, ஹேசல் கண் பிரிவைத் தேடிப் போய், நேர்க்கோடுகள் வளைந்து தெரிவதாகச் சொல்லிப் பெயர் கொடுத்தாள். டெஸ்மண்ட் அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.