சாத்திய குளியலறைக் கதவு

தங்கைக்குப் பதினொரு வயதில் வலிப்பு தொடங்கியது. அன்றிலிருந்து அவள் குளிக்கும்போது கதவை ஒரு சாண் திறந்து வைத்து, நான் வெளியே நிற்பேன். நிமிடத்துக்கொரு தடவை "இருக்கிறியா?" என்று கேட்பேன். அவள் தண்ணீர் அள்ளும் மக்கால் வாளியில் தட்டுவாள். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட் ரயில் பாதைக்குப் பக்கத்தில். ரயில் போகும்போது தட்டுவது கேட்காது; அந்த அரை நிமிடம் எனக்கு உயிர் போய் வரும். அம்மா விடியவே வேலைக்குப் போய்விடுவார். வேறு ஆளில்லை.

எனக்குப் பத்தொன்பது வயதில் பேராதனைக் கம்பஸில் படிக்க இடம் கிடைத்தது; போனால் அங்கேயே ஹொஸ்டலில் தங்க வேண்டும். போவதா விடுவதா என்று நான் இழுத்துக்கொண்டிருந்த நாட்களில்தான், காலையில் நான் எழும்பும்போதே தங்கையின் தலை ஈரமாக இருக்கத் தொடங்கியது.

"குளிச்சனியா?"

"இல்லை, முகம் கழுவினனான்."

முகம் கழுவினால் பின்னல் நனையுமா? எரிச்சலாக வந்தது. பெட்டியில் அவளுடைய மாத்திரைகளை எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. அவளுடைய ஃபோனை எடுத்தேன், லொக் நம்பரை மாற்றியிருந்தாள். டியூஷனில் எவனோ ஒருவன் என்று தீர்மானித்துவிட்டேன். பதினைந்து வயதில் வேறென்ன இருக்கும்?

ஒரு காலை நித்திரை போலக் கிடந்தேன். அம்மா போனதும் அவள் எழும்பிப் போய்க் குளியலறைக் கதவை முழுதாகச் சாத்தினாள். காதை வைத்துக் கேட்டேன். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே "ஓம்... ஓம்" என்று யாரோடோ கதைத்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டாள் என்று கதவைத் தள்ளினேன்.

பதறித் துவாயை இழுத்துச் சுற்றினாள். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துதான் குளித்திருக்கிறாள். ஜன்னல் விளிம்பில் ஷொப்பிங் பையில் சுற்றிய ஃபோன். அதற்குள்ளிருந்து, நகரின் மறுகோடியில் கொட்டாஞ்சேனையில் இருக்கும் அவளுடைய வகுப்புத் தோழியின் குரல் வந்தது: "இருக்கிறியாடி? பதில் சொல்லு, இல்லாட்டி அக்காவுக்குக் கோல் எடுப்பன்."

"நீங்க கம்பஸ் போனாப் பிறகு வாசலில ஆர் நிக்கிறது?" என்றாள் தங்கை. "பழகிப் பாக்கிறன். சொன்னா விடமாட்டீங்க."

"விழுந்தா அவள் கொட்டாஞ்சேனையில இருந்து வந்து தூக்குவாளோ?"

"கீழ் வீட்டு ஆன்ரிக்குக் கோல் எடுப்பாள். ஆன்ரியிட்ட வீட்டுத் திறப்பு ஒண்டு குடுத்திருக்கிறன்."

எனக்கு மட்டும்தான் தெரியாது. நான்கு வருடமாக அந்த வாசலிலிருந்து தப்ப வழி தேடியவள் நான். என் இடத்தில் நிற்க ஒருத்தி வந்ததும் அந்தத் தோழிமேல் பொறாமையாக இருந்தது.

"கதவைச் சாத்துங்கோ அக்கா."

சாத்தினேன். அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. பழக்கத்தில் "இருக்கிறியா?" என்று கேட்டேன். ரயில் போய் முடிந்த பிறகும் வாளியில் தட்டும் சத்தம் வரவில்லை. தோழிக்கு அவள் "ஓம்" சொல்வது மட்டும் கேட்டது.