சுவர்மேல் வைத்த மூன்று காய்கள்

துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்று உடன்குடிப் பக்கம் வீடு கட்டியதும், கொல்லையில் ஒரு பட்டர் ஃப்ரூட் கன்று நட்டேன். மலைப்பழம் இந்தச் செம்மணலில் காய்க்குமா என்று தெருவே சிரித்தது. அதிகம் சிரித்தவர் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. பலசரக்குக் கடையை மகனிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பவர். அடுத்தவன் கொல்லையை எட்டிப் பார்ப்பதுதான் அவருக்கு உத்தியோகம். முதல் காயை அவர் மூக்குக்கு நேரே நீட்டாமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

நாலாம் வருஷம் இலை நுனியெல்லாம் கருக ஆரம்பித்தது. தண்ணீர் போதவில்லை என்று காலையும் மாலையும் போர்வெல் தண்ணீரைத் தூர் நனைய ஊற்றினேன். ஊற்ற ஊற்றக் கருகியது. அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி சுவரோரத் தென்னைகளைச் சுற்றித் தோண்டிக் கல்லுப்பைக் கொட்டிக்கொண்டிருந்தார். தென்னைக்கு உப்பு வைப்பது இங்கே எல்லோரும் செய்வதுதான். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மரத்தைக் கொல்லத்தான் உப்பு வைக்கிறீர் என்று தெருவில் நின்று கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கடைத் தராசையும் விடவில்லை.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "ஏலே, ஒன் போர் தண்ணிய ஒரு வாய் குடிச்சுப் பாரு. பெறவு வந்து பேசு."

என் தண்ணீரைக் குறை சொல்ல இவர் யார்? அத்தோடு பேச்சு நின்றது. அவர் மகள் கல்யாணத்துக்கும் நான் போகவில்லை.

குடித்துப் பார்த்திருக்கலாம். எங்கள் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர்தான். சோப்பு நுரைக்கவில்லை என்று மனைவி சொன்னால் சோப்பைத் திட்டுவேன். வாய் கொப்பளிக்கையில் கரித்தால் அது பற்பசையின் குற்றம். ஒருநாள் கேன்காரர் வரவில்லை. மனைவி போர் தண்ணீரில் கருப்பட்டிக் காப்பி போட்டாள். ஒரு வாய்தான், துப்பிவிட்டேன். நிறையத் தண்ணீர் வேண்டுமென்று மூன்றாம் வருஷம் போரை இன்னும் ஆழமாக, கடலுப்பு ஊறும் மட்டம்வரை இறக்கியது நான்தான். மரத்துக்கு உப்பு வைத்ததும் நான்தான், தினமும் இரண்டு வேளை.

கன்று விற்ற மலைக்காரருக்குப் போன் போட்டேன். நல்ல தண்ணீராக, வாரம் ஒருமுறை, ஆழம்வரை இறங்கும்படி ஊற்றச் சொன்னார். தூரில் ஊற்றக்கூடாது, கிளைநிழல் விழும் வட்டத்தில் ஊற்றவேண்டும். மறுபடி ஊற்றுமுன் மேல்மண் காயவேண்டும். நல்ல தண்ணீர் எங்கே இருந்தது? சுவருக்கு அந்தப் பக்கம், அண்ணாச்சியின் ஆழமில்லாத பழைய கிணற்றில்.

"அண்ணாச்சிட்ட போயி, நீங்க சொன்னது சரிதான்னு ஒரு வார்த்த சொல்லிட்டு, கெணத்துத் தண்ணி ஓஸ இங்கன போடச் சொல்லுங்க," என்றாள் மனைவி. "வாயா கோணிரும்?"

நான் போகவில்லை. கேன் கேனாக வாங்கி மரத்துக்கு ஊற்றினேன். வீட்டில் விசேஷமா என்று கேன்காரர் கேட்டார்.

மரம் பிழைத்தது. இந்த வருஷம் மூன்றே காய். மூன்றும் அவர் பக்கம் நீண்ட கிளையில். ஒரு காலையில் பார்த்தால், காம்போடு பறித்துச் சுவர்மேல் வரிசையாக வைத்திருக்கிறார். ஒன்றைக்கூட அவர் எடுத்துக்கொள்ளவில்லை. நான் எடுத்தால் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அதைத் தொடங்கினால் மற்றதையும் சொல்லவேண்டி வரும். நாளைக்கு எடுக்கலாம் என்று விட்டேன். மறுநாளும் அப்படியே விட்டேன். அவை அங்கேயே இருந்து பழுத்தன. காக்காய்கள் வந்து கொத்தியபோது இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேரும் கையை ஓங்கி விரட்டவில்லை. அந்தப் பழம் எப்படி இருக்கும் என்று எங்கள் தெருவில் காக்காய்க்கு மட்டும்தான் தெரியும்.