சிவப்புச் செருப்பு

எங்கள் வீட்டில் தேய்ந்த செருப்பைக் குப்பையில் போட்டால் அப்பாவுக்குக் கோபம் வரும். அதை வட்ட வட்டமாக வெட்டி, காய்ச்சிய கம்பியால் நடுவில் துளையிட்டு, நண்டு வலைக்கு மிதப்பாகக் கட்டுவார். என் சிவப்புச் செருப்பின் வார் அறுந்தபோது நான் அழுத அழுகைக்கு, அதை வலையின் தலைப்பிலேயே கட்டினார். அன்றிலிருந்து அந்த வலை என்னுடையது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

ஒரு நாள் விடிய அப்பா வெறும் படகோடு வந்தார். கடலடியை வாரி இழுக்கிற றோலர் ஒன்று, பாய்ச்சியிருந்த வலையையும் சேர்த்து வாரிக்கொண்டு போயிருந்தது. மிச்சம் ஒரு முழக் கயிறு. சட்டம் தடுத்த இழுவை மடிவலைதான். ஆனால் சட்டம் கரையோடு நின்றுவிடும், றோலருக்கு என்ன, அது பாட்டுக்கு ஓடும்.

அம்மாவின் தமையன், என் மாமா, பக்கத்து ஊர்க் கரையில் றோலர் வைத்திருந்தார். செய்தி கேட்டு முதலில் ஓடி வந்தவரும் அவர்தான், கையில் ஒரு பை இறாலோடு. முற்றத்துக் கதிரையில் இருந்து இந்தியப் படகுகளை அவர் ஏசிய ஏச்சில் முருங்கையில் இருந்த காகமும் எழும்பிப் போய்விட்டது.

“அக்கரையான்தான் அறுத்தவன், மச்சான். மீனவர் சங்கத்தில நானே எழும்பிக் கதைக்கிறன்.”

அக்கரைப் படகுகளும் வந்து அறுக்கிறவைதான். அதனால் அந்தப் பேச்சு நம்ப வசதியாக இருந்தது. அப்பா நிலத்தைப் பார்த்தபடி ஓம் ஓம் என்றார். அந்த இறால் கறியைக் கூடுதலாகத் தின்றது நான்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மாமா வீட்டுக்குப் போனோம். ஏன் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அங்கே வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும் என்று மட்டும் அம்மா பஸ்ஸில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மாமாவின் கடைசி மகன் முற்றத்தில் பால்மாப் பெட்டியில் செய்த வண்டியை இழுத்துக்கொண்டிருந்தான். இரண்டு சக்கரம் சிவப்பு. ஒன்றின் ஓரத்தில், கொசுவுக்குக் கொளுத்துகிற நுளம்புத்திரி சுட்ட கறுப்புத் தழும்பு. அந்தத் திரியை மிதித்தவளே நான்தான்.

“இது என்ர செருப்பு” என்றேன், எல்லாருக்கும் கேட்க.

மன்னார்க் கடையெல்லாம் இந்தச் செருப்புத்தானே தொங்குது என்றார் மாமி. மாமா சிரித்தார்.

“கடலில வாறதுக்கெல்லாம் பேர் எழுதியோ கிடக்கு, மருமகள்?”

கடல் என்ற சொல்லையே நான் எடுக்கவில்லை.

அம்மா என் தொடையில் கிள்ளினார். அப்பா வண்டியைத் தூக்கி, தான் சுட்ட துளையைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். மாமாவின் முகத்துக்கு நேரே எறியப்போகிறார் என்று ஒதுங்கி நின்றேன். அவர் அதைப் பிள்ளையிடமே கொடுத்தார்.

“நல்லா ஓடும் தம்பி. இழு.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவுக்குப் பக்கத்தில் நான் இருக்கவில்லை. எடுத்தவர் சிரிக்கிறார், பறிகொடுத்தவர் பேசாமல் நிற்கிறார், கிள்ளு எனக்கா? இதை எழுதும்போதும் தொடை எரிகிறது.

திங்கட்கிழமை அப்பா மாமாவின் றோலரில் வேலைக்கு ஏறினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் வலையை மீட்டு வரத்தான் அவர் போயிருக்கிறார் என்று வகுப்பில் எல்லோருக்கும் சொன்னேன். என் பக்கத்தில் இருந்தவளின் தகப்பனும் நண்டு வலைக்காரர். அவள் புத்தகங்களை எடுத்துக்கொண்டு பின்வரிசை வாங்கில் போய் இருந்தாள்.

அவளுக்கு என்ன கோபம் என்று எனக்கு விளங்கவேயில்லை.